ஆக்ஸில் பாயின் வலது காது

“கொஞ்சம் வாய மூடுங்கப்பா” என்று அமீனுல்லா இரண்டு முறை சொல்லிவிட்டார். வண்டி கொண்டுவந்தவர்கள் கேட்டால்தானே! எழுந்துபோய் பட்டறையின் இரும்புக் கதவைப் பாதி இழுத்துவிட்டார். பக்கத்து டீக்கடை ரேடியோவையும் நிறுத்தச் சொன்னார். கொக்கியில் கம்பி கட்டித் தொங்கவிட்ட, பின்சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் தண்டு ஆடி அடங்கும்வரை காத்திருந்து, வலது காதை அதன் பக்கத்தில் கொண்டுபோய், சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. கணீரென்று நீண்டால் நல்ல தண்டு. விரிசல் விட்ட பானைபோல டொக்கென்று நின்றுபோனால் உள்ளே வெடிப்பு. மூன்று இடத்தில் தட்டுவார். அதோடு விடுவாரா? மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவி, எங்கேயாவது எண்ணெய் கோடாகக் கசிகிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பார்ப்பார். அவசரக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இந்தக் கெடுபிடியெல்லாம் இரண்டு வருஷமாகத்தான். முன்பு ஒரே தட்டு. கள்ளக்குறிச்சியில் அவரை ஆக்ஸில் பாய் என்றால்தான் தெரியும். சந்தையில் பெண்கள் பானையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். விரலால் சுண்டிப் பார்த்து, “எடுத்துக்கினு போம்மா, உன் பேத்தி காலத்துக்கும் வரும்” என்பார். “சோத்துத் தட்டக்கூட தட்டிப் பாத்துட்டுதான் உக்காருவாரு” என்று அவர் மனைவி ஷர்புன்னிசா கேலி செய்வாள். இப்போது மனிதர் சந்தைப் பக்கம் தலைகாட்டுவதே இல்லை.

கல்வராயன் மலைக்கு ஓடும் ஜீப்புகளை அவற்றின் சொந்த எஞ்சினோடு யாரும் விட்டுவைப்பதில்லை. புளியும் கடுக்காயும் பலாவும் ஏற்ற வேண்டும், அதற்கு மேல் பத்துப் பேர் தொங்க வேண்டும். பழைய பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, பெரிய வேனின் டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்துவிடுவார்கள். அதைக் கண்டாலே அமீனுல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். “குதிர ஜாஸ்தி, இடுப்பு கம்மி. முன்னாடி எவ்ளோ பெருசு வேணா வெச்சிக்கினு போ. மொத்தத்தையும் தாங்குறது யாரு? பின்னாடி ஆக்ஸில். அத ஒரு வார்த்த கேட்டியா?”

அவர் அடிக்கடி சொல்வது இன்னொன்று. “தண்டு முனையில இருக்குற பல்லு முறுக்கிக்கிச்சின்னா சந்தோசப்படு. அது சொல்லிட்டுச் சாவுது. வெடிப்பு சொல்லாம சாவும்.”

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் பட்டறையைத் திறக்கும் நேரத்துக்குப் பூமாலை வந்துவிடுவான். இடது காலை இழுத்து இழுத்து நடப்பான். நைனார்பாளையத்துக் கண்ணாயிரத்தின் மலை ஜீப்பைப் பன்னிரண்டு வருஷம் ஓட்டியவன். இப்போது லைசென்ஸ் போலீஸ் கையில். இரண்டு உயிர் போன வழக்கு. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி’ என்று எழுதியிருக்கிறார்கள். அமீனுல்லா அவனுக்கு டீ வாங்கிக் கொடுப்பார், அவன் முகத்தைப் பார்க்கமாட்டார்.

எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம். சாலையெல்லாம் மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. மலைமேல் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்தில் பாப்பாத்தி என்ற பெண் இரண்டு நாளாகப் பிரசவ வலியில் துடிக்கிறாள் என்று ஆள் வந்தது. ஏரிக்கரை வழியாகவே புகுந்து போகிறேன் என்று கிளம்பியவன் பூமாலை ஒருவன்தான். கிளம்பும் முன் பட்டறைக்கு வந்தான். “பின்னாடி டக்கு டக்குனுது பாய். ஒருவாட்டி தட்டிப் பாத்துடுங்க” என்றான்.

அமீனுல்லா தண்டை உருவித் தொங்கவிட்டார். வெளியே புளியமரத்தில் நாலு கோடாலி ஒரே சமயத்தில் விழுந்துகொண்டிருந்தது. கோஷம் வேறு காதைப் பிளந்தது. ஒரு தட்டுத் தட்டினார். கணீரா, டொக்கா? சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை. சேலத்திலிருந்து சாமான் வரவில்லை, மாற்றுத் தண்டும் கிடையாது. பூமாலை அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஒண்ணும் இல்ல, போ” என்றார்.

பாப்பாத்தியை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, கச்சிராயபாளையத்துக்கு மேலே ஒரு திருப்பத்தில் தண்டு முறிந்து, பின்சக்கரம் தனியாகக் கழன்று ஓடிவிட்டது. ஜீப் உருண்டது. தாயும் போனாள், வயிற்றுப் பிள்ளையும் போனது. சக்கரத்தோடு போன பாதித் தண்டை ஓடைத் தண்ணீரிலிருந்து எட்டு நாள் கழித்து எடுத்தார்கள். முழுக்கத் துரு. அதில் யாரும் எதையும் படிக்க முடியவில்லை. மிச்சப் பாதி ஆக்ஸில் கூட்டுக்குள், எண்ணெயில் ஊறித் துருப்பிடிக்காமல் இருந்தது. ஜீப்பைப் பட்டறைக்கு இழுத்துவந்தபோது அதை உருவியவர் அமீனுல்லா.

முறிந்த முகத்தைப் பார்த்தார். கொஞ்சம்போலத்தான் கல்கண்டு உடைத்ததுபோல மினுமினுத்தது. அது அன்றைக்கு முறிந்தது. மீதி எல்லாம் கறுப்பு. மாதக்கணக்காக உள்ளே ஓடிக்கொண்டிருந்த வெடிப்பு. அவர் தட்டியபோதும் அது அங்கேதான் இருந்தது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மலை ஜனங்கள் கொதித்துப்போயிருந்த நேரம், பட்டறையைக் கொளுத்திவிடுவார்களோ என்று பயந்தார். பிறகு பயம் போயிற்று, வாய் மட்டும் திறக்கவில்லை. கிரீஸ் பூசி, சாக்குத் துணி சுற்றி, அந்தப் பாதியைச் சுவர் ஆணியில் மாட்டியிருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை இறக்கிப் புது கிரீஸ் பூசுவார். அந்தக் கறுப்பு துருவில் அழிந்துபோனால் அவருக்குத்தான் நல்லது. ஆனால் அழியவிடவில்லை, பாவி மனிதர்.

போன வெள்ளிக்கிழமை பூமாலை டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

“திங்கக்கெழம கடைசி வாய்தா பாய். ஒத்துக்கினு போயிடு, தண்டன கம்மியாவும்னு வக்கீல் சொல்றாரு. நானும் சரின்னுட்டேன்.”

“நீ இன்னாத்துக்குடா ஒத்துக்கிணும்?”

“நாந்தான பாய் ஓட்டுனேன்? நீங்க தட்டிப் பாத்த தண்டு, அது சும்மா முறியுமா? அந்தப் பொண்ணு கத்துனத கேட்டு வேகமா வுட்டேனோ இன்னாவோ. நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், எனுக்கே இப்ப வெளங்கல.”

அமீனுல்லா எழுந்தார். ஆணியிலிருந்து அந்தப் பொட்டலத்தை இறக்கினார். சாக்கைப் பிரித்து, தோள் துண்டாலேயே கிரீஸை வழித்துத் துடைத்து, முறிந்த முகம் மேலே தெரியும்படி பூமாலையின் மடியில் வைத்தார். பன்னிரண்டு வருஷம் ஜீப் ஓட்டியவனுக்கு அதைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கறுப்பின்மேல் கட்டைவிரலை வைத்து, விளிம்பு வரைக்கும் மெல்லத் தேய்த்துப் பார்த்தான்.

“இது அன்னிக்கே இருந்துதா பாய்?”

அமீனுல்லா கிரீஸ் கையாலேயே தன் வலது காதைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் நின்றார்.