ஒரு டின் குறைவாக

1. கல்லுக்குப் பயம் கிடையாது

ரோப் கார் ஆபரேட்டராக ஆறு வருஷம் இருந்தேன். அதில் முதல் இரண்டு வருஷம் ஒரு தடவைகூட ரோப் காரில் ஏறவில்லை. உயரம் எனக்கு ஆகவே ஆகாது. என் வீட்டில் ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாட்டுவது என் மனைவிதான். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வேன், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு கல்மலை. அதை மலை என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் உச்சியில் நின்றால் கடல் தெரியும், காற்று வரும். குவாரியாக இருந்த காலத்தில் கல்லைக் கீழே இறக்க ரோப் போட்டிருந்தார்கள். ரோப்பை இழுக்கிற எந்திரமான வின்ச்சை ஓட்டியவன் நான். கல் தீர்ந்ததும் முதலாளி உச்சியில் ஒரு ஓட்டல் கட்டினார். கல் தொட்டிகளைக் கழற்றிவிட்டு ஜன்னல் வைத்த இரண்டு பெட்டிகளை மாட்டினார். மலைவாசஸ்தலம் என்று போர்டு வைத்தார். வின்ச்சோடு சேர்த்து என்னையும் வைத்துக்கொண்டார்.

கல்லுக்குப் பயம் கிடையாது. ஆபரேட்டரும் கூட வரணும் என்று அது கேட்காது. நானும் அந்தப் பழக்கத்திலேயே இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்பாக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். எல்லோரையும் "பயமே இல்லீங்க, தொட்டில் மாதிரி இருக்கும்" என்று சொல்லி ஏற்றி அனுப்புவேன். மேலே ரோப் சுற்றி ஓடுகிற புல்லிக்கு வாரம் ஒரு நாள் கிரீஸ் வைக்க வேண்டும். அதற்கு நான் படியில் போவேன். நானூற்றுச் சொச்சம் படி. யாராவது கேட்டால், "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்" என்பேன். இன்றைக்கு என் முழங்கால் போயிருப்பது அந்த டாக்டரால்தான்.

2. ஆம்மீட்டர் முள்

இழுக்கிற ரோப் ஒன்றுதான். அதன் இரண்டு முனைகளிலும் இரண்டு பெட்டிகள். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். சரியாக நடுவழியில் இரண்டும் அக்கம்பக்கமாகக் கடக்கும்.

மலைமேல் கிணறு கிடையாது. ஓட்டலுக்கு வேண்டிய தண்ணீரெல்லாம் எண்ணெய் டின்களில் நிரப்பி, ஏறுகிற பெட்டியில்தான் அனுப்புவோம். இதில் ஒரு சௌகரியம் உண்டு. மேலிருந்து எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று போனில் சொல்வார்கள். அந்த எடைக்குத் தகுந்தபடி கீழே டின் ஏற்றினால் மோட்டார் சிரமப்படாது, அது இழுக்கிற கரண்டைக் காட்டும் ஆம்மீட்டர் முள்ளும் ஏறாது. நான் மூக்கைப் பார்த்தே ஆளின் எடை சொல்வேன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

அந்த நாளில் கரண்ட் போவது சாதாரணம். போனால் பிரேக் தானாக விழுந்து பெட்டிகள் அந்தரத்தில் நின்றுவிடும். அப்போது வின்ச் ரூமில் பிரேக் லீவரைக் கையால் மெல்லத் தூக்குவோம். எந்தப் பெட்டி கனமோ அது தன் எடையிலேயே கீழே இறங்கும், மற்றது மேலே போய்ச் சேரும். கையால் சுற்றுகிற ஹேண்டில் ஒன்றும் இருந்ததாம். அது குவாரிக் காலத்திலேயே தொலைந்துவிட்டது. யாரும் தேடவில்லை. தேவைப்படவும் இல்லை. என் மூக்குக் கணக்கு தினமும் கொஞ்சம் தப்பாகவே இருந்து எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியவில்லை.

3. இன்ஸ்பெக்டர் வந்த நாள்

ஆள் ஏற்றுவதற்குத் தற்காலிக அனுமதிதான் இருந்தது. அரசாங்கத்தின் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"அவர் ஒரு குறை சொன்னாருன்னா, நாளைக்கு நீ வூட்ல குந்திகினு இருக்க வேண்டியதுதான்" என்றார்.

அன்றைக்கு என் வித்தை முழுவதையும் காட்டத் தீர்மானித்தேன். ஓட்டும்போது ஆம்மீட்டர் முள் அசையக் கூடாது. காலையில் ரோப் காரில் மேலே போயிருந்த இன்ஸ்பெக்டரும் அவருடைய பியூனும் இந்தத் தடவை இறங்குவார்கள். ஏறுகிற பெட்டியில் கன்னியம்மா வருவார். பக்கத்துக் குப்பத்திலிருந்து தினமும் ஓட்டலுக்கு மீன் கொண்டுவருகிறவர். அவர், அவருடைய கூடை, கூடவே நாலு டின் தண்ணீர். டின்களை நானே அளந்து நிரப்பினேன். வின்ச்சில் ஃபிட்டர் ஏழுமலையை நிறுத்தினேன். "ஒரு சொட்டு கூடவோ குறையவோ கூடாது" என்று சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் காட்டப் படியேறி மேலே போனேன்.

அவர் எல்லாம் பார்த்தார். திருப்திதான். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன்யா, ரோப் கார வெச்சுகிட்டு நீ ஏன் படியேறி வந்தே? இப்படி வேர்த்து ஊத்துது?"

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார் சார்."

"ஏறறதுக்குத்தானே சொன்னாரு? இறங்கறப்ப என்கூட வா." பியூன் பக்கம் திரும்பினார். "நீ பையை எடுத்துகிட்டுப் படியில வாப்பா."

பியூனும் என்னைப் போல ஒல்லி. எடைக் கணக்கு அப்படியே நின்றது. எனக்குத்தான் நிற்க முடியவில்லை.

பெட்டி கிளம்பியது. நடுவழிக்கு வந்தது. கரண்ட் போனது.

4. அந்தரத்தில்

எங்கள் பெட்டிக்கு எதிரே, கைக்கு எட்டாத தூரத்தில், கன்னியம்மாவின் பெட்டி ஆடிக்கொண்டிருந்தது.

"அட, அண்ணாத்த! நீயா? இன்னா தரையில குந்திகினு கீறே?"

"நட்டு செக் பண்றேன்."

"கண்ண மூடிகினா?"

இன்ஸ்பெக்டர் குனிந்தார். "இது எவ்வளவு நேரம் ஆகும்?"

"நார்மல் சார். இது ரொம்ப நார்மல்."

"சரி. என் காலை விடு."

அப்போதுதான் அதைப் பிடித்திருந்தது எனக்கே தெரிந்தது.

கீழே ஏழுமலை வின்ச் ரூமுக்கு வெளியே ஓடிவந்து கத்தினான். "மச்சான்! பிரேக்க முழுசா தூக்கிக் கட்டிட்டேன்! நவுரவே மாட்டேங்குது! இன்னா பண்றது?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எந்தப் பெட்டியும் கனமில்லை. நடுவழியில், சொட்டுக்குச் சொட்டு சமம். நான் அளந்த அளவு. என்ன செய்யவேண்டும் என்பதும் தெரியும். ஆனால் சொன்னால், யார் செய்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்பார். வேலை போய்விடும். நாக்கை மடித்து வைத்துக்கொண்டு, கரண்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

வரவில்லை. தகரக் கூரை காய்ந்தது.

"ஐசு கரையுது அண்ணாத்த" என்றார் கன்னியம்மா. "என் வஞ்சிரம் நாறிச்சுனா நீதான் துன்னணும், சொல்ட்டேன்."

இன்ஸ்பெக்டர் காலர் பட்டனைக் கழற்றினார். நெற்றியைத் துடைத்தார். சட்டைப் பையைத் தடவினார். "பிரஷர் மாத்திரை பியூன் பையில போயிடுச்சு" என்றார், யாருக்கோ சொல்வது போல. அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்கு மட்டும்தான் பயம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சார்" என்றேன். "ரிப்பேர் ஒண்ணும் இல்ல. நான்தான். உங்களுக்குக் காட்டணும்னு ரெண்டு பெட்டியையும் சமமாக்கி வெச்சேன். அதான் எந்தப் பக்கமும் போவல. அந்தப் பெட்டியில இருக்கற தண்ணியக் கொட்டினா நாம இறங்கிடலாம்."

அவர் பதில் சொல்வதற்குள் கன்னியம்மா சொன்னார்.

"இதுக்கா இம்மா நேரம் வாய மூடிகினு இருந்தே? படகுல தண்ணி ஏறினா இறைக்க மாட்டமா?"

மீன் மேல் கவிழ்த்திருந்த அலுமினியச் சட்டியை எடுத்தார். டின்னிலிருந்து மொண்டு மொண்டு ஜன்னல் வழியாக வீச ஆரம்பித்தார். கீழே படியில் வந்துகொண்டிருந்த பியூன் "இன்னாது, மழையா?" என்று அலறியது கேட்டது. முதல் டின்னில் பாதி காலி. நகரவில்லை. அந்த டின் அடிமட்டத்துக்கு வந்தபோது எங்கள் பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. நான் மறுபடி அந்தக் காலைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை அவர் விடச் சொல்லவில்லை.

"ஏழுமல! பிரேக்க விட்டு விட்டுப் புடி! மெதுவா!" என்று கத்தினேன். கன்னியம்மா சட்டியோடு மேலே போனார். நாங்கள் கீழே வந்தோம்.

5. கையெழுத்து

மாத்திரை போட்டு, ஒரு சோடா குடித்த பிறகு இன்ஸ்பெக்டர் கேட்டார். "இதுல நீ எத்தனை தடவை போயிருக்கே?"

"இதான் சார் முதல் தடவை."

அதற்குள் படியிறங்கி ஓடிவந்திருந்த மேனேஜர் குறுக்கே விழுந்தார். "நாளைக்கே வேற ஆள் போட்டுடறேன் சார்."

"வேணாம். இவன் பயந்தாங்கொள்ளி. பயப்படாத ஆபரேட்டரை வெச்சீங்கன்னா நான் ஏற மாட்டேன்."

இரண்டு நிபந்தனை எழுதினார். கையால் சுற்றுகிற ஹேண்டில் செய்து மாட்ட வேண்டும். தினமும் காலையில் முதல் டிரிப்பில் ஆபரேட்டர் தானே மேலே போய்த் திரும்பி வந்த பிறகுதான் விருந்தாளிகளை ஏற்ற வேண்டும். வேலையை விட்டுத் தூக்கியிருந்தால்கூட இதைவிடக் கருணையாக இருந்திருக்கும்.

மீதி நாலு வருஷமும் தினமும் போனேன். பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். பழகவில்லை. தினமும் ஒரு தடவை பயந்துவிட்டு, அந்த அலுப்போடு நாள் முழுக்க வேலை பார்த்தேன். ஆனால் அந்த நாலு வருஷத்தில் பெட்டியின் ஒவ்வொரு சத்தமும் எனக்குத் தெரிந்தது. கீழே நின்று ஓட்டியபோது ஒன்றுகூடத் தெரியவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: நீங்கள் ஏறாத பெட்டியில் அடுத்தவரை ஏற்றாதீர்கள். கணக்கு கச்சிதமாக வந்தால் கொஞ்சம் கெடுத்து வையுங்கள்.

முதல் டிரிப்பில் கன்னியம்மாவும் வருவார். எதிரே கூடையோடு உட்கார்வார்.

"கண்ணத் தொற அண்ணாத்த. கடலு கீது பாரு."

"இருக்கட்டும். அது அங்கேயே இருக்கட்டும்."

"டின்னு ஒண்ணு எறக்கி வெச்சிட்டியா?"

"வெச்சிட்டேன்."

"அப்ப மூடிக்கோ."