என் பகையாளிக்கு ஊரில் ஒரு நவநாள்

இந்த நாட்டுச் சனம் தொலைக்காட்சிப் பெட்டியோடு பேசும். இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்த புதிதில் எனக்கு இதுதான் பெரிய அதிசயம். நான் வேலைக்குப் போகும் வழியில் ஒரு 'பார்' இருக்கிறது. பார் என்றதும் ஊரில் உள்ளவர்கள் சாராயக்கடை என்று நினைக்க வேண்டாம், இங்கே அது காலையில் நின்றபடி கோப்பி குடிக்கிற கடை. பெட்டியில் வருகிறவர்களை அங்கே எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சட்டை சரியில்லை, மெலிந்துபோனாய், உன் பெண்சாதி பாவம் என்று மச்சான் மாமனோடு பேசுவதுபோல் பேசுவார்கள். பகல் நேரத்தில் இனிக்க இனிக்கப் பேசி நிகழ்ச்சி நடத்தும் ஒருவர் இருக்கிறார், பெயர் வேண்டாம். அவர் வந்தால் கடைக்காரர் துரி கோப்பி இயந்திரத்தையே நிறுத்திவிட்டுக் கேட்பார்.

அப்படிப்பட்ட கடையில்தான் ஒருநாள் காலை அதே மனிதரை எல்லாருமாகச் சேர்ந்து தூற்றிக்கொண்டிருந்தார்கள். சட்டையில் மைக் குத்திவிடும் ஒரு பெண்பிள்ளை, கை தவறி ஊசியைக் கொஞ்சம் பிசகவிட்டாளாம். அவர் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்து, வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னதை யாரோ கைபேசியில் எடுத்து வெளியே விட்டுவிட்டார்கள். ஒரு கிழமைக்குள் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். பஸ் தரிப்பிடத்தில் போத்தல் தண்ணீர் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்த அவர் முகத்துக்கு யாரோ கொம்பு வரைந்தார்கள், அடுத்த நாள் பல்லைக் கறுப்பாக்கினார்கள். அவன் எப்போதும் இப்படித்தான், எனக்கு முதலே தெரியும் என்று துரி சொன்னார். முந்திய கிழமை மட்டும் அவருக்குத் தெரியாது.

நான் அந்தக் காணொளியைப் பதின்மூன்று தடவை பார்த்தேன். பதின்மூன்றாவது தடவையில் கைபேசி செத்துப்போனது, இல்லாவிட்டால் இன்னும் பார்த்திருப்பேன். பத்தாம் வகுப்போடு நின்றவன், ஊரில் ஏறாவூர்ப் பாதையில் ஓட்டோ ஓடினவன், ஒவ்வொரு ஞாயிறும் பூசை தவறாதவன். ஒருவனுடைய அழிவைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோசப்படுவேன் என்று எனக்கே தெரியாது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தி அவர் நான் அறை துப்புரவு செய்யும் ஹோட்டலில் நான்கு நாள் தங்கினார். மூன்றாம் நாள் அவருடைய கைக்கடிகாரத்தைக் காணவில்லை. நடைவழியில் முகாமையாளர், சமையற்காரன், வேறு இரண்டு பேர் முன்னால் அவர் என் சட்டைப்பையை வெளியே இழுக்கச் சொன்னார். இழுத்தேன். பிறகு சட்டையைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். ஊரில் தன்னாமுனையில் சின்ன வயதில் போட்டுவிட்ட உத்தரியம், மாதா படம் தைத்த துணித்துண்டுக் கயிறு, ஞானஸ்நானத்தில் பூசுகிற எண்ணெய்போல் என் உடம்போடு ஊறினது, கழுத்தில் கிடந்தது. அவர் அதை ஒரு விரலால் தூக்கிப் பார்த்து ஏதோ பகிடி சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். அரை மணித்தியாலத்தில் கடிகாரம் அவருடைய கட்டில் மெத்தைக்குக் கீழே இருந்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. தன்னுடைய பெரிய படம் ஒன்றில், என் நண்பனுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்து, என் கன்னத்தில் தட்டிவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒன்று நடந்தால் சனம் வேறுமாதிரிச் செய்யும். வாவியில் இறால் வாங்குகிற முதலாளி ஒருவர் கரையில் வைத்து ஒரு ஏழை மனிதனுக்குக் கன்னத்தில் அறைந்தார். யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு கோயிலில் அவர் உட்கார்ந்த வாங்கில் வேறு ஒருவரும் உட்காரவில்லை. ஒரு வருடம் முழுக்க அந்த நீள வாங்கில் அவர் தனியே இருந்து பூசை கண்டார். கடைசியில் அவராகவே அந்த மனிதனின் வீட்டு வாசலுக்குப் போனார். இங்கே வாங்கும் இல்லை, வாசலும் இல்லை. எனக்கு இருந்தது அந்தோனியார் மட்டும். சட்டை கழற்றின அன்று பின்னேரமே கோயிலுக்குப் போய், இவனைச் சனம் காறித் துப்புகிறதை என் கண்ணால் காட்டும், ஏழைகளுக்குப் பாண் கொடுக்கிறேன் என்று நேர்ந்தேன். காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தருகிற புனிதரிடம் ஒருவனைத் தொலைத்துத் தரச் சொல்லிக் கேட்டவன் நான்.

அவன் கையெழுத்துப் போட்டுத் தந்த படத்தைக் கிழித்திருக்க வேண்டும். கிழிக்கவில்லை. ஊருக்குப் போகிற ஒருவரிடம் பெட்டி கொடுத்துவிடும்போது, சொக்லேட் நொறுங்காமல் இருக்க அடியில் மட்டையாக வைத்தேன். அவன் முகத்தின்மேல் சவர்க்காரத்தை அடுக்குவதில் ஒரு திருப்தியும் இருந்தது. பெட்டியைத் திறந்த என் மனைவி பிலோமினா சவர்க்காரத்தை விட்டுவிட்டுப் படத்தைத்தான் எடுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை கைபேசியில் தேடி இவர் யார் என்று சொல்லிவிட்டது, எழுத்தையும் மொழிபெயர்த்துவிட்டது. காத்தான்குடிக் காக்கா ஒருவரின் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் சொல்வது) கடையில் கண்ணாடி போட்டு, சோறு தின்கிற அறையில் மாட்டிவிட்டுத்தான் எனக்குச் சொன்னாள்.

"இவ்வளவு பெரிய மனுசரோட பழக்கம் எண்டு ஒரு வார்த்த சொல்லல்லியே. காக்கா கேட்டாரு, இவரு ஆருகா, இத்தாலி சனாதிபதியா எண்டு."

"நீ என்ன சொன்னாய்?"

"சனாதிபதி மாறிப் போவாரு, இவரு எங்கட இவரிட சினேகிதர் எண்டன்."

அவள் சிரித்த சிரிப்பை நான் கெடுக்கவில்லை. அதுதான் நான் செய்த பிழை.

இப்போது எல்லாரும் அவனைத் தூற்றுகிறபோது எனக்கும் வாய் வந்தது. துரியின் கடையில் எனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் சொன்னேன்: இந்த மனிதனை எனக்குத் தெரியும், ஹோட்டலில் இவன் அறையை நான்தான் துப்புரவு செய்தேன், இவன் என்னைச் சட்டை கழற்ற வைத்தவன். முதன்முறையாக அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். துரி முன்னால் குனிந்து, "அப்படியென்றால் அறைக்குள் பார்த்திருக்கிறாய். அவனுடைய தலைமயிர் உண்மையானதா?" என்று கேட்டார். சட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் கொஞ்சம் யோசித்தேன். "இல்லை, பொய் மயிர். இரவில் கழற்றி மேசையில் வைப்பான்" என்றேன். கடை வெடித்துச் சிரித்தது. ஒருவர் முதுகில் தட்டினார். துரி எனக்குக் கோப்பி ஊற்றி, என் பெயரைக் கேட்டார். ஏழு வருடமாக அந்தக் கடைக்குப் போகிறேன்.

அவனுடைய மயிர் அசல் மயிர். தலையணையில் பொறுக்கியவன் நான். அடுத்த நாள் தெரு முழுக்க அது பொய் மயிர்தான். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. மன்னிக்கச் சொல்லி ஆண்டவர் சொன்னது எனக்கும் தெரியும். அவன் தொலைக்காட்சியில் வந்து கண்ணைத் துடைத்துத் துடைத்து மன்னிப்புக் கேட்டான். அது தண்ணீர்க் கம்பனியிடம் கேட்ட மன்னிப்பு. என்னிடம் கேட்டது அல்ல, அந்தப் பெண்பிள்ளையிடம்கூட அல்ல. கேளாத மன்னிப்பை நான் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? பாணை மட்டும் ஐந்து பை வாங்கி ரயில் நிலையத்தில் படுத்திருப்பவர்களுக்குக் கொடுத்தேன். அதில் பிழை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிலோமினா காணொளியில் அழைத்தாள். முகம் வாடியிருந்தது.

"இஞ்சாருங்க, உங்கட சினேகிதருக்கு இப்படி ஆயிற்றே. பொறாம புடிச்ச ஆக்கள்தான் செய்திருக்காங்க."

"ஆரு சொன்ன?"

"ஆரு சொல்லோணும்? அந்த முகத்தப் பாத்தாத் தெரியாதா? நான் அந்தோனியாருக்கு நேந்திருக்கன். செவ்வாய்க்கிழம நவநாளில மன்றாட்டுக்கும் குடுத்திட்டன். உங்கட பேரச் சொல்லி, அவரிட சினேகிதருக்காக எண்டு சாமி வாசிப்பாரு. நம்மட சனம் முழுக்க மன்றாடும்."

என் பெயரைச் சொல்லி, என் கோயிலில், என் சனம். இரண்டு வருடம் பூட்டி வைத்தது தானாகத் திறந்தது. கடிகாரம், நடைவழி, சட்டை, உத்தரியம் எல்லாம் சொன்னேன்.

"எத்தின பேர் நிண்ட?"

"அவனோட அஞ்சு பேர்."

"உத்தரியத்தயா தொட்டான்?"

"ஓம்."

"அண்டைக்கே ஏன் சொல்லல்ல?"

"சொன்னா, காணும், ஊருக்கு வாங்க எண்டு நீ சொல்லுவாய். நானும் வந்திருப்பன். மறுகா புள்ளையள் என்ன செய்யும்?"

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள் போலிருக்கிறது, எனக்குக் காது மட்டும் தெரிந்தது. "ரெண்டு வருசமா இவனிட முகத்துக்குக் கீழ வச்சித்தான் புள்ளையளுக்குச் சோறு போட்டன்" என்றாள். ஆணியைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. "கண்ணாடி நல்ல கண்ணாடி. மாதாட படம் போடலாம்."

"மன்றாட்ட என்ன செய்யப் போறாய்?"

"சாமிட்டக் குடுத்தத எப்படித் திருப்பிக் கேக்கிற? கேட்டா ஏன் எண்டு சொல்லோணும். உங்கட சட்டையச் சனத்துக்கு முன்னால நான் கழட்ட மாட்டன். வாசிக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை அங்கே பின்னேரம் ஐந்தரை, இங்கே பகல் இரண்டு மணி. அந்தோனியாருக்குக் கிழமைதோறும் நடக்கும் நவநாள் வழிபாட்டுக்குப் போகும்போது அவள் கைபேசியை மடியில் திறந்து வைப்பாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அன்று நான் துரியின் கடையில் நின்றேன். பெட்டியில் அவன் அழுவதை மறுபடி போட்டிருந்தார்கள். கடையில் ஒருவர் தன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்து, மயிரைக் கழற்றுவதாக நடித்துக் காட்டினார். துரி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார், நானும் சிரித்தேன். மற்றக் காதில் வைத்திருந்த கைபேசியில் சாமியார் என் முழுப் பெயரையும் வாசித்தார். எங்கள் சனத்தின் குரல் எழும்பியது, கிழவர்களும் பிள்ளைகளும், எனக்கு ஒவ்வொரு குரலும் யாருடையது என்று தெரியும். அவனுக்காக ஆண்டவரை மன்றாடினார்கள். பழக்கதோசத்தில் என் வாயும் அவர்களோடு திறந்தது, பல்லைக் கடித்து மூடிக்கொண்டேன். அந்தக் கைபேசிக்கு மிகக் கிட்ட இருந்தவள் பிலோமினாதான். அவளுடைய குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டிருக்க வேண்டும். காதை இன்னும் அழுத்திப் பார்த்தேன். அவள் மூச்சு மட்டும் கேட்டது.