எடுத்துக் கொடுக்காத வசனம்

எங்கள் நாடகக் குழுவில் பெண்களுக்கு இரண்டு வேலை. மேடையில் அடி வாங்க வேண்டும்; மேடையில் இல்லாத நேரத்தில் திரைக்குப் பின்னால் நின்று ஆண்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆண்கள் மனப்பாடம் செய்ய மாட்டார்கள். கேட்டால், வேலை டென்ஷனாம். நான் மட்டும் பிறை நகரத்துத் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, கடல் பாலம் கடந்து பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனுக்குக் காற்று வாங்கவா வந்தேன்?

இயக்குநர்தான் கதாநாயகன். எல்லோருக்கும் அவர் அண்ணே. குடிகாரக் கணவன் மனைவியை அறையும் காட்சியில் நிஜமாகவே அறைவார், ஒத்திகையிலும்கூட. மனைவி நான். காதுக்குள் ‘கொய்ங்’ என்று கேட்கும். விரல் தடத்தோடு மறுநாள் வேலைக்குப் போவேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“அண்ணே, கை படாம அடிக்கலாம்லா. நான் முகத்தைத் திருப்பிக்கிறேன்.”

“நடிப்பு நிஜமா இருக்கணும்மா. வலிக்குதுன்னா வீட்ல உக்காரு.”

அடுத்த வாரமே என் வேடம் போனது. புதிதாக வந்த பத்தொன்பது வயதுத் தங்கச்சி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு, என்னை வசனம் எடுத்துக் கொடுக்க நிறுத்தினார். சனிக்கிழமை அரங்கேற்றம் முடிந்ததும் அவள் ஐஸ் கட்டியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

“அக்கா, நாளைக்கும் அடிப்பாரா?”

அடிக்க மாட்டார் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாடகத்தின் கடைசி நாள். அவர் அழைத்திருந்த பெரிய மனிதர்கள் முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். அறைவதற்கு முன்னால் அவருக்கு ஒரு பக்கத்துக்கு வசனம். அதில் ஒரு வரிகூட அவருக்குத் தெரியாது. நான் சொல்லச் சொல்லத்தான் கர்ஜிப்பார். “அடியே” என்று ஆரம்பித்துவிட்டு என் பக்கம் காதைச் சாய்த்தார். நான் கையிலிருந்த பிரதியை மூடினேன்.

“அடியே...” மறுபடியும். இருமினார். வேட்டியைச் சரிசெய்தார். என்னைப் பார்த்த பார்வையில் முதலில் கோபம் இருந்தது, அப்புறம் கெஞ்சல். அந்தக் கெஞ்சலை ஆசை தீரப் பார்த்தேன்.

“போதும்லா, வீட்டுக்குப் போங்க!” என்று பின்வரிசையில் ஒருவர் கத்த, அரங்கமே சிரித்தது. கை ஓங்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். “நான் போறேன்” என்று தன் கடைசி வசனத்தைச் சொல்லிவிட்டு, அடி வாங்காமல் என்னிடம் நடந்து வந்தாள். திரை விழுந்தது.

ஒப்பனை அறைக்குள் பாய்ந்து வந்தார்.

“ஏன் வசனம் எடுத்துக் கொடுக்கல?”

“நடிப்பு நிஜமா இருக்கட்டும்னுதான், அண்ணே.”

கை ஓங்கினார். அறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். இங்கே மேடை இல்லை. அடித்தால் அது வெறும் அடிதான். நான் முகத்தைத் திருப்பவில்லை. அவர்தான் கையை இறக்கினார்.