ஆடிக்கு ஒதுக்கிய படங்கள்

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் சிவப்பிரகாஷின் ஸ்டுடியோ. அப்பாவின் தென்னந்தோப்பை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கியவன். இன்றைக்குப் பொள்ளாச்சி பக்கம் ஒரு கல்யாணம், நாளைக்குச் சித்தூர் பக்கம் ஒரு கல்யாணம் என்று தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவே ஓடி ஓடியே முடி நரைத்தது. வருஷத்தில் அவனுக்கு மூச்சுவிடக் கிடைப்பது ஒரே மாதம். நமக்கு அது ஆடி, மலையாளத்தாருக்குக் கர்க்கடகம். இரண்டு பக்கமும் அப்போது தாலி கட்ட மாட்டார்கள். அதனால் சொந்த வேலை எதைச் சொன்னாலும் அவன் வாயில் வருவது ஒன்றுதான்: "ஆடி வரட்டும்." சொத்தைப் பல் பிடுங்குவது ஆடியில், வீட்டுக்கு வெள்ளையடிப்பது ஆடியில். தங்கச்சி கல்யாணப் படங்களைப் பார்ப்பதும் ஆடியில்.

தங்கச்சி செல்வப்பிரியாவுக்குச் சித்திரையில் கல்யாணம். வேறு ஆளை வைத்துக்கொள் என்று எல்லாரும் சொன்னார்கள். கேட்பானா? அண்ணன் நின்று செய்ய வேண்டிய சீருக்கு மட்டும் தொழில்காரச் சிநேகிதன் மோகனசுந்தரத்திடம் கேமராவைக் கொடுத்துவிட்டு, மற்றதையெல்லாம் தானே எடுத்தான்.

அன்றைக்குத்தான் அவன் அம்மா முத்தாத்தாள் முதன்முதலாகக் கேமராவை நேராகப் பார்த்தாள். அவளுக்குப் பிறவியிலேயே இடது இமை இறங்கியிருக்கும். போட்டோ என்றால் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவாள். பேசும்போதுகூட முகத்தைத் திருப்பி வலது பக்கத்தைத்தான் காட்டுவாள். தாரை வார்க்கும்போதும் அப்படியே நின்றாள்.

"அம்மா, நேராப் பாருங்க."

"என்ற கண்ணு ஒரு மாதிரி இருக்குமே சாமி."

"இருந்தா இருக்கட்டுமுங்க. நாந்தான எடுக்கறேன்."

பார்த்தாள். அவன் எடுத்துக்கொண்டே இருந்தான்.

அதற்கப்புறம் வைகாசி. முகூர்த்தம் மேல் முகூர்த்தம். ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுக்க வேண்டியது, பந்தி முடிவதற்குள் பெண்ணின் போனுக்குப் படம் வந்தாக வேண்டும் என்பார்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் கண் அவிந்துவிடும். அதற்கென்று சாப்ட்வேர் இருக்கிறது என்றான் மோகனசுந்தரம். சிவப்பிரகாஷ் இலவசமாகக் கிடைத்ததையெல்லாம் இறக்கிப் பார்த்தான். ஒன்று படங்களைத் தேதிவாரியாக அழகாக அடுக்கியது, ஆனால் கம்ப்யூட்டர் நத்தையாகிவிட்டது. இன்னொன்றில் கலர் பிரமாதம், பொறுக்குகிற வேலை மட்டும் அவன் தலையிலேயே இருந்தது. மூன்றாவது எல்லாவற்றையும் தானே செய்தது. மங்கல், இரட்டைப்படம், மென்றுகொண்டிருக்கும் வாய், மூடின கண் எல்லாவற்றையும் தள்ளிவிடும். குரூப் போட்டோவில் யாராவது கண் மூடியிருந்தால் அந்தப் படத்திலேயே திறந்த கண்ணை வரைந்தும் வைக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவன் இல்லை அவன். ஒரு சித்தூர் கல்யாணத்தைப் போட்டு, தள்ளினதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். ஒரு தப்பு இல்லை. மேடையில் தூங்கி வழிந்த மாமன்கூட முழித்துக்கொண்டு நின்றார். விழுந்து விழுந்து சிரித்தான். தள்ளினதை ஒதுக்கி வைக்கவா, அழித்துவிடவா என்று கேட்டது. ஹார்ட் டிஸ்கில் இடமில்லாத காலம். 'அழித்துவிடு' என்று டிக் போட்டான். அப்புறம் அது கேட்கவே இல்லை.

ஆனி கடைசி முகூர்த்தத்துக்கு டிஸ்கில் துளி இடமில்லை. தொடாமல் கிடந்தது வீட்டுக் கல்யாணம் ஒன்றுதான். இதையும் ஓட்டிவிட்டால் இடமும் ஆச்சு, ஆடியில் வேலையும் சுளுவு என்று நினைத்து ஓடவிட்டான். வண்டித்தாவளத்துக்கு முகூர்த்தம் எடுக்கப் போய்த் திரும்பி வந்தபோது தாராளமாக இடம் இருந்தது. பாவி மனுஷன், அதற்குச் சந்தோஷப்பட்டான்.

ஆடி பிறந்தது. பல் டாக்டரிடம் போவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் தொட்டி ஓரம் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். ஆதாரில் இருப்பது வெறும் கருந்திட்டு. சொந்தக்காரர்கள் போனிலெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். "தாரை வார்க்கறப்ப நேராப் பாத்தாங்கல்லங்ண்ணா, அதையே போட்டுரலாம்" என்று சொல்லிக்கொண்டு செல்வப்பிரியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திறந்தான். மாப்பிள்ளை இருந்தான், அப்பா இருந்தார், செம்பிலிருந்து விழுகிற தண்ணீர்கூடத் துல்லியமாக இருந்தது. அம்மா இல்லை. மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தான். மெதுவாகத்தான் உறைத்தது. தூங்கி வழிந்தவர்களோடு அவளையும் சேர்த்துத் தள்ளியிருக்கிறது. அழிந்ததை மீட்கிற சாப்ட்வேரையும் ஓட்டிப் பார்த்தான். அவள் இருந்த இடத்தில் வேறு யார் யாரோ கல்யாணங்கள் ஏறி உட்கார்ந்திருந்தன. மெமரி கார்டுகளிலும் அதே கதை. ஊரான் வீட்டு அம்மாக்களையெல்லாம் பத்திரமாகக் காப்பாற்றினவன், தன் அம்மாவைத் தன் கையாலேயே துடைத்துவிட்டான். மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டு குலுங்கி அழுதான்.

மிஞ்சியது ஒரு குரூப் போட்டோ. ஓரத்தில் முத்தாத்தாள் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பெரிதாக்கினான். இரண்டு கண்ணும் அகலத் திறந்திருந்தன.

செல்வப்பிரியா குனிந்து பார்த்தாள். "இது ஆருங்ண்ணா?" என்றாள்.

"இமையை நானே இறக்கி வெச்சர்றேன்" என்றான். பொட்டு விட்டுப்போன நெற்றியில் பொட்டு வைத்தவன், நரைத்த மீசையைக் கறுப்பாக்கினவன், இது என்ன பெரிய வேலை? பாதிக்கு இறக்கினான். "இல்லீங்ண்ணா, இன்னுங் கொஞ்சம் மேல" என்றாள். ஏற்றினான். "அதுவுமில்லீங்க." மறுபடி இறக்கினான். எங்கே நிறுத்தினாலும் யாரோ ஒருத்திதான் வந்து நின்றாள். எவ்வளவு இறங்கியிருக்கும் என்று அவளுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அப்பா சென்னியப்பன் மாட்டுத் தொட்டிப் பக்கமே உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அம்மாவுக்கு இந்த இமை எவ்வளவு எறங்கியிருக்குமுங்க?"

அவர் ஆள்காட்டி விரலைத் தன் இடது இமைமேல் வைத்து இறக்கினார். "இத்தன" என்றார். அப்புறம் கொஞ்சம் தூக்கினார். மறுபடியும் இறக்கினார்.

"தெரியல சாமி" என்றார். "எங்கிட்டகூட அவ ஒருக்காவும் மூஞ்சியத் திருப்பாமப் பேசுனதில்ல. நேராப் பாத்தது உன்ற கேமராவ மட்டுந்தான்."