கழற்றி எறிந்த வால்வு

என் மகள் கண்டியில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். குண்டசாலை வீட்டிலிருந்து தினமும் தன்னுடைய ஹைபிரிட் காரில் போய் வருகிறாள். மூன்று மாதமாக அவளுக்கு ஒரே புலம்பல்.

"பெற்றோல் கூடக் குடிக்குதுப்பா."

"பிரேக்குலயே கால வச்சிக்கிட்டு ஓட்டினா குடிக்காம என்னா செய்யும்?" என்பேன்.

அதற்கு மேல் அவள் வாயைத் திறந்தால் ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பேன். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். கட்டுகஸ்தோட்டையில் நாற்பது வருடம் கராஜ் நடத்தியவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பேசாமல் போய்விடுவாள்.

பிறகு ஒருநாள் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. என்னிடம் சொல்லிவிட்டு, ஆனால் என்னைக் கேட்காமல், கண்டிப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஓர் இடத்தில் காரைக் காட்ட நேரம் குறித்துவிட்டாள். நானும் வருகிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன்.

அந்த இடத்தைக் கராஜ் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தரையெல்லாம் மாபிள். உட்கார சோபா, பார்க்க டீவி. வேலை நடக்கிற பக்கம் கண்ணாடிச் சுவர், அதற்கு முன்னால் ஒரு மஞ்சள் கோடு. கோட்டைத் தாண்டப் போன என்னை அங்கே வேலை செய்கிற ஒரு பெண்பிள்ளை வந்து, "அங்கிள், நீங்க இங்கதான் இருக்கணும்" என்று திருப்பி அனுப்பினாள். இத்தனை வருடம் என்ஜினுக்குள் கையை விட்டவன், மகளுடைய காரைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எரிச்சல் தலைக்கு ஏறியது.

உள்ளே ஒருவன் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகிவிட்டு, கையிலிருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ஜினைத் தொடவுமில்லை, காது கொடுத்துக் கேட்கவுமில்லை. என் கராஜில் வண்டிக்காரர் பக்கத்திலேயே குந்திக்கொண்டிருப்பார். டீசல் பம்பைப் பிரித்துப் பழைய பேப்பரில் பரப்பி, எது தேய்ந்திருக்கிறது என்று கையில் கொடுத்துக் காட்டுவேன். இப்போது யார் பழுது பார்க்கிறார்கள்? மாற்றுகிறார்கள். பத்து சதத்து ரப்பர் போனதற்கு முழுப் பம்பையும் மாற்றுகிறார்கள். இதையெல்லாம் மகளிடம் சத்தமாகவே சொன்னேன்.

"மெதுவாப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள்.

"பாக்கட்டும்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் பொனட்டைத் திறந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் துணியில் கையைத் துடைத்தபடி எங்களிடம் வந்தான்.

"மிஸ், என்ஜின் சூடாகவே இல்லன்னு காட்டுது. கழட்டிப் பாத்தா உள்ள தெர்மோஸ்டாட் வால்வே இல்ல. எந்த முட்டாள் கழட்டினான்னு தெரியல்ல."

நான்தான் கழற்றினேன். மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேடியேட்டர் தண்ணீரை மாற்றும்போது. அவளிடம் சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். என்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டர் தண்ணீரை மறித்து வைக்கிற சின்ன வால்வு அது. குளிர் நாட்டுக்காரன் தன் ஊருக்குச் செய்த சாமான், நமக்கு எதற்கு என்பதுதான் நான் கராஜ் நடத்திய காலத்தில் எங்கள் தொழிலில் இருந்த பேச்சு. கடுகன்னாவை ஏற்றத்தில் வண்டிகள் கொதித்து நின்ற காலம். வால்வு இறுகிப் போனால் புதியது இறக்குமதி இல்லை. கழற்றி எறிந்தால் கொதிப்பது நிற்கும். நல்ல வால்வையும் சேர்த்துத்தான் கழற்றினோம். எத்தனை வண்டிகளில் கழற்றினேன் என்று எனக்கே தெரியாது.

மகள் என்னைப் பார்த்தாள்.

"நான்தான் தம்பி கழட்டினேன்" என்றேன்.

அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பரவால்ல அங்கிள், அந்தக் காலத்து மெக்கானிக் பாஸ்மார் எல்லாரும் அப்பிடித்தான் செய்வாங்க" என்றான். முட்டாள் என்று சொன்னதைவிட இதுதான் எனக்குச் சுட்டது. பிறகு அவனாகவே விளக்கினான். "இது இல்லாட்டி என்ஜின் குளிர்லயே ஓடும். குளிர்ல ஓடினா எந்த என்ஜினும் கூடக் குடிக்கும்."

"பழைய டீசல் லொறியும் குடிக்குமா?"

"லொறியும்தான் அங்கிள்."

நான் போய் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

மடவளையில் ஒரு முதலாளி இருந்தார். அவருடைய லொறி நுவரெலியாவுக்கு மரக்கறி ஏற்றப் போகும். இறம்பொடை ஏற்றத்தில் கொதிக்கிறது என்று கொண்டு வந்தார். வால்வைக் கழற்றினேன், கொதிப்பது நின்றது. இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். "டீசல் குடிக்குதே பாஸ், என்ன விசயம்?" பம்பைப் பார்த்தேன், இன்ஜெக்டர்களைப் பார்த்தேன், ஒழுக்கு ஏதும் உண்டா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. என் வேலையில் பிழை இருக்கலாம் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. "என்ஜின்ல ஒன்னும் இல்ல முதலாளி. டிரைவரக் கேட்டுப் பாருங்க" என்றேன்.

அடுத்த கிழமை லொறியில் வேறு டிரைவர்.

பழைய டிரைவர் ஒரு காலையில் கராஜ் வாசலில் வந்து நின்றார். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து லொறி ஓட்டப் பழகிய மனிதர், என்னைவிட மூத்தவர். "பாஸ், நான் ஒரு போத்தல் டீசல் களவா வித்தது இல்லீங்க. என் மேல பிழை இல்லேன்னு முதலாளிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

"நான் என்ஜினப் பத்தித்தான் பேசுவேன்" என்று சொல்லிவிட்டு லொறி ஒன்றின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். நான் வெளியே வரும்வரை அவர் நின்றுகொண்டிருந்தார். அப்போதும் நான் அவரைப் பார்க்கவில்லை. பிறகு எங்கே போனார், என்ன செய்தார் என்று நான் விசாரிக்கவுமில்லை.

புது வால்வைப் பூட்டித் தந்தார்கள். திரும்பும்போது தென்னக்கும்புரைப் பாலத்தில் வாகனங்கள் நின்றன. அப்போது மகள் கேட்டாள்.

"அப்ப நான் ஓட்டுறதுல பிழை இல்ல, என்னாப்பா?"

"இல்லம்மா. உன்மேல ஒரு பிழையும் இல்ல" என்றேன்.

சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த டிரைவர் ஒரு காலைப்பொழுது முழுவதும் என் கராஜ் வாசலில் நின்றது இதைக் கேட்கத்தான்.