உரச்சாக்கில் வந்த பீங்கான்

புதுக்கோட்டைக்கு வெளியே நான் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் இப்போது கடைசிக்கட்ட வேலை. கடைசிக்கட்டம் என்று கொத்தனார் சொல்லி நான்கு மாதம் ஆகிறது. வீடு கட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நேற்று போனபோது பிளம்பர் பைப்புகளை ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பசைக்கு ஒரு நெடி உண்டு, மூக்கில் ஏறினால் லேசில் இறங்காது. ஹாலில் மூன்று அட்டைப்பெட்டிகளில் மூன்று வெஸ்டர்ன் கோப்பைகள், அறைக்கு ஒன்று. தன் அறையில் வருவது சுவரில் தொங்கும் வகைதானா என்று என் மகள் கல்லூரியிலிருந்து போன் போட்டு பிளம்பரிடமே விசாரித்துக்கொண்டிருந்தாள். நான் நெடியிலேயே நின்றேன். வெளியே போங்க சார், தலை சுத்தும் என்றார் பிளம்பர். எனக்குச் சுற்றவில்லை. அந்த நெடியை முதன்முதலாக முகர்ந்த வீடு ஞாபகம் வந்துவிட்டது.

அது வல்லத்திராக்கோட்டையில் அப்பா கட்டிய வீடு. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. புதுக்கோட்டையில் ஓர் உரக்கடையில் பில் போடும் வேலை. பில் போடுகிறவன் என்றுதான் பெயர், பாதி நாள் மூட்டை தூக்கினேன். தினமும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கும்போது சட்டையெல்லாம் யூரியா வாசம். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அந்த வாசத்தோடுதான் போய் உட்கார்ந்தேன், அது வேறு கதை.

ஊரில் அன்றைக்கு யார் வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. ஆண்களுக்குக் கண்மாய்க்கரை. பெண்களுக்குக் கரைக்கு அந்தப் பக்கம் இருந்த கருவேலங்காடு. அதுவும் விடியுமுன், இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு. முந்தைய வருடம் ஐப்பசி அடைமழையில் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நாலு தடவை போனவள் கரையில் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். புது வீடு கட்டினால் கக்கூஸோடு கட்ட வேண்டும் என்று அப்பாவிடம் அன்றைக்கே சொன்னாள். சமைக்கிற கூரைக்கு அடியிலேயா என்று அப்பா ஒரு வார்த்தை கேட்டார். அத்தோடு பேச்சு முடிந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அம்மா வீடு கட்ட வந்த சேவியர் கொத்தனாரைத் தனியாகப் பிடித்தாள். கொல்லைத் தாழ்வாரத்தின் மூலையில் ஒரு சின்ன அறை எழும்பியது. அது உரமூட்டை அடுக்க என்று அப்பா தானாகவே முடிவு செய்துகொண்டார், யாரும் மறுக்கவில்லை. கொல்லையில் குழி தோண்டி நாலு சிமெண்டு உறை இறக்கியபோது மட்டும் எதற்கு என்று கேட்டார். தண்ணீர் போவதற்கு என்றார் சேவியர். மனுஷன் பொய் சொல்லவில்லை, பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

பூச்சு முடிந்து, சிவப்புச் சிமெண்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா என்னைக் கக்கூஸ் பீங்கான் வாங்கி வரச் சொன்னாள். வாங்கிவிட்டேன். பஸ்ஸில் அதை எப்படிக் கொண்டுபோவது? கடையில் கிடந்த உரச்சாக்கில் போட்டுக் கட்டிக் காலடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் கேட்டதற்குக் கிரைண்டர் கல் என்றேன். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா சாக்கின் ஓட்டை வழியாக விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். “கல்லு இம்புட்டு வழவழன்னு இருந்தா மாவு எப்படித் தம்பி அரையும்?” என்றார். புது மாடல் என்று சொல்லி வைத்தேன். எந்தக் கடை என்று இறங்கும்வரை விடவில்லை.

மறுநாள் காலையில்தான் வினை. பழைய வீட்டு வாசலில் உரச்சாக்கு கிடப்பதைப் பார்த்த அப்பா, பையன் யூரியா கொண்டுவந்திருக்கிறான் என்று தோளில் தூக்கிக்கொண்டார். புது வீட்டுக்கு நடந்துபோய் அந்த மூலை அறைக்குள் பத்திரமாக இறக்கி வைத்தார். ஆக, பீங்கானை அது இருக்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அப்பாதான். எடை குறைகிறதே என்று சாக்கை அவிழ்த்திருக்கிறார்.

அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தைத் தெருவே கேட்டது. இதை வெளியே எடுக்காதவரை பால் காய்ச்ச நான் வரமாட்டேன் என்றார். சேவியர் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் கடைக்கு நேரமாகிறது என்று பஸ் ஏறினேன். வீரம் எனக்கு எப்போதும் அந்த அளவுதான். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

பால் காய்ச்ச இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்குள் அப்பாவும் அம்மாவும் ஜோடியாகக் கந்தர்வக்கோட்டை போய் மாமாவை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். பெண் பிறந்த வீட்டுச் சீர் வராமல் புது வீட்டில் பால் பொங்கினால் ஊர் சும்மா இருக்காது. குத்துவிளக்கும் அண்டாவும் சுமந்துகொண்டு மச்சினன் தெருவில் மேளத்தோடு வருவதைத்தான் அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்து அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஒங்க அண்ணன் வீட்டுக்கு எப்பப் போறது?” என்று இரண்டாம் நாள் கேட்டார்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. “சேவியரு பீங்கானப் பதிக்கட்டுங்க. பதிச்ச அன்னிக்கே போவலாம்.”

அவ்வளவுதான். அழவில்லை, சண்டை போடவில்லை, சோறு வைப்பதை நிறுத்தவில்லை. அவள் குரல் உயர்ந்திருந்தால் அப்பா சுலபமாக ஜெயித்திருப்பார். நாலாம் நாள் வெள்ளை வேட்டி கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கோடு தனியாகவே பஸ் ஸ்டாப்புக்குப் போனார். ரெண்டு பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். தங்கச்சி எங்கே என்று மாமா கேட்டால் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் சேவியரை ஆள் விட்டுக் கூப்பிட்டார். நாற்றம் வருமா என்று மட்டும் கேட்டார். பீங்கானின் வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்கும், அதைத் தாண்டி நாற்றம் மேலே ஏறாது என்று சேவியர் ஒரு வாளி ஊற்றிக் காட்டினார். இன்னொரு தடவை ஊற்றச் சொன்னார் அப்பா. குனிந்து பார்த்தார். “கதவ நல்லாக் கனமாப் போடு” என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனார். அன்றைக்குச் சாயங்காலம்தான் பைப் ஒட்டினார்கள், அந்த நெடியோடு. அம்மாவும் அப்பாவும் கந்தர்வக்கோட்டை பஸ் ஏறியிருந்தார்கள்.

மேளத்தோடு மாமா வந்தார். பால் பொங்கியது. அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா, அடுத்த ஐப்பசி மழையில் போனார். நாங்கள் யாரும் பார்க்கவில்லை, அதாவது பார்க்காத மாதிரி இருந்தோம்.

இப்போது அந்தக் கருவேலங்காடு இல்லை. அதன் நடுவே தார் ரோடு போகிறது. பொழுது சாய்ந்ததும் செம்பும் கையுமாகக் கூட்டமாகக் கிளம்பும் பெண்கள் இல்லை, எதிரே ஆண் வந்தால் ஒதுங்கி முதுகு காட்டி நின்றதும் இல்லை. பழைய நாளை எழுதுகிறவன் ஏங்கித்தான் எழுத வேண்டும் என்கிறார்கள். எனக்கு ஏக்கம் ஒன்றும் இல்லை. போனது போகட்டும்.

போனவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பால் காய்ச்சிய அன்றைக்கு விருந்தாளிகள் எல்லோரும் கிளம்பிய பிறகு, ராத்திரி நானும் அம்மாவும் புதுத் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். முடித்ததும் அம்மா ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுசாகக் குடித்தாள். வைத்துவிட்டு இன்னொரு செம்பு மொண்டாள். அவ்வளவு தாகமா என்று கேட்டேன்.

“தாகம் தெனமுந்தான்டா. பொழுது சாஞ்ச பெறகு தண்ணி குடிச்சா ராவுல எங்கிட்டுப் போறது? இங்கிட்டு வாக்கப்பட்டு வந்ததுலேருந்து குடிக்கிறதில்ல.”

இருபத்து மூன்று வருடம் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து ராத்திரிச் சோறு சாப்பிட்டிருக்கிறேன். ஒரு நாள்கூட நான் அதைக் கவனிக்கவில்லை.