பச்சைப் பொட்டு

எங்கள் வீட்டில் எழுத்தும் எண்ணும் தெரிந்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை ஆறாம் வகுப்பிலேயே தலைக்கு ஏறிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிக்குச் சுமை ஏற்றும் அப்பா, பஸ் வந்தால் என்னைத்தான் நம்பர் கேட்பார். அம்மா ரேஷன் கார்டை என்னிடம்தான் நீட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பாமல், “எங்க, நீ படிச்சி சொல்லு” என்று என்னைக் கூப்பிடுவார்கள். பதினொரு வயதுப் பையனுக்கு இவ்வளவு மரியாதை ஆகாது. கொடுத்தது அவர்கள், விளைவை அனுபவித்தது அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. வேப்பம்பட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு சித்திரை மாத மதியம் ஒரே ஒரு துணிப்பையோடு ரயிலிலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தாள், திரும்பிப் போகவில்லை. அந்த வெயிலில் மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள். புது நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன். மாமா மாதம் ஒருமுறை வந்து உட்காருவார். எனக்கு எள்ளுருண்டைப் பொட்டலம் கொண்டுவருவார். குரலை உயர்த்தவே மாட்டார். “என் ஊட்டு ஆள நான் இட்டுகினு போறேன் மச்சான், இதுல இன்னா கீது?” என்பார். எனக்கு மாமாவைப் பிடிக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் அத்தை எஸ்டேட்டில் கண்ணாடி வளைக்கும் சின்னப் பட்டறை ஒன்றில் வேலை செய்தவள். மிட்டாய்க் கடை ஷோகேஸின் முன்பக்கம் வளைந்து நிற்குமே, அந்தக் கண்ணாடி. அங்கே கழித்துப் போட்டிருந்த சின்ன கரண்ட் சூளை ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி, மீன்பாடி வண்டியில் ஏற்றிவந்து, எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் வைத்தாள். பெட்டி மாதிரி இருக்கும். மேலே மூடி. உள்சுவரில் சூடேறும் கம்பிச் சுருள்கள், காயில்கள். முன்பக்கம் சூடு காட்டும் வட்ட மீட்டர். அதில் ஒரு முள், சுற்றிலும் எண்கள்.

அந்த எண்கள் அத்தைக்குத் தெரியாது. அதற்காக அவள் நின்றுவிடவில்லை. பட்டறை மேஸ்திரி ஒருதரம் காட்டிய இடங்களில், மீட்டரின் கண்ணாடி மேல் மூன்று ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டிவைத்திருந்தாள். முள் கறுப்புப் பொட்டைத் தொடும்வரை மூடியின் இடுக்கில் செங்கல் துண்டை வைத்து, சூட்டை மெல்ல ஏற்றுவாள்; அவசரப்பட்டால் கண்ணாடி அப்போதே வெடிக்கும். சிவப்புப் பொட்டு வரும்போது, அச்சின் மேல் கிடக்கும் தட்டைக் கண்ணாடி இளகித் தொய்ந்து அச்சுக்குள் உட்காரும். பக்கவாட்டுத் துளை வழியே அதை எனக்குக் காட்டியிருக்கிறாள். ஈரத் துணி குடத்தின் மேல் படிவது போலிருக்கும். உட்கார்ந்ததும் கரண்டை நிறுத்திவிடுவாள். முள் இறங்கி வந்து பச்சைப் பொட்டைத் தொட்டதும் ஒரு காயிலை மட்டும் போட்டு, அங்கேயே பிடித்து நிறுத்துவாள். உலை வைத்து, சோறு வடித்து, குழம்பும் இறக்கி வைக்கிற நேரம். அதற்கப்புறம் சூடு தானாக இறங்கட்டும் என்று விட்டு, மறுநாள் காலைவரை மூடியைத் தொட மாட்டாள்.

“செவப்பு எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியும்டா. பச்சைதான் முக்கியம். அங்க நின்னு நிதானமா எறங்கலன்னா, பாக்க நல்லா இருக்கும், உள்ள கோவத்த வெச்சிகினு இருக்கும்.”

கண்ணாடிக்கு ஏது கோபம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பூந்தமல்லியில் விளக்குக் கடை வைத்திருந்த ஒரு பாய்க்கு அத்தையின் வேலை பிடித்துப்போயிற்று. புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபம் ஒன்றுக்கு, சுவர் விளக்குகளுக்குத் தாமரை இதழ் மாதிரி வளைந்த மூடி பன்னிரண்டு கேட்டார். இது சரியாக அமைந்தால் கடைக்கும் தொடர்ந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த மாதம் மாமா வந்தபோது, இரண்டு பக்கமும் தலையாட்டியே பழக்கப்பட்ட அப்பா, முதல்முறையாக ஒரு தீர்ப்பு சொன்னார்.

“இந்த வேல நெலச்சி நின்னுச்சின்னா அது இங்கயே இருக்கட்டும். அது சோத்த அது பாத்துக்கும். நிக்கலன்னா நீ இட்டுகினு போ, நான் குறுக்க வரல.”

அத்தை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போய், கண்ணாடி ஒட்டாமலிருக்க அச்சுகளில் சீமைச்சுண்ணாம்புத் தூளைக் குழைத்துப் பூசத் தொடங்கினாள்.

வேலை தொடங்கும் முன்பு ஒருநாள் பாய் சூளையைப் பார்க்க வந்தார். மீட்டரைக் குனிந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“இன்னா தங்கச்சி, மெசினுக்குப் பொட்டு வெச்சிக்கீற? தாலி எப்போ?”

“மாப்ள பாத்துகினு கீறோம் பாய். உங்க கடையில யாராவது நல்ல பையன் இருந்தா சொல்லுங்க” என்று அத்தையும் சிரித்தாள்.

எனக்கு மட்டும் உடம்பெல்லாம் கூசியது. படித்த பையன் ஒருவன் இருக்கிற வீட்டில், மெஷினில் பொட்டா? பாய் போனதும் மீட்டரைப் படித்துப் பார்த்தேன். கறுப்பு சரியாக முந்நூறில் இருந்தது. சிவப்பு அறுநூற்று எண்பதில். பச்சை ஐநூற்று நாற்பதில். இரண்டும் கோடு தப்பி, கோணலாக. அந்த வாரம்தான் பள்ளியில் எண்களைப் பக்கத்திலுள்ள முழு நூறுக்கு மாற்றி எழுதும் கணக்கு நடத்தியிருந்தார்கள். பத்துக்குப் பத்து வாங்கியிருந்தேன். அத்தைக்குக் கோடு தெரியாததால்தான் பொட்டுகள் வழுக்கிப் போய் உட்கார்ந்திருக்கின்றன என்று முடிவுகட்டினேன்.

அவள் கடைக்குப் போன நேரத்தில் இரண்டையும் நகத்தால் கிள்ளியெடுத்தேன். மண்ணெண்ணெய்த் துணியால் மீட்டரைப் பளபளவென்று துடைத்தேன். சிவப்பை எழுநூறில் ஒட்டினேன். பச்சையை ஐநூறில். ஒரு அரிசி நீளம்தான் நகர்ந்திருக்கும். அவள் வந்து பார்த்து, “தொடச்சியாடா? ஜோரா கீதே” என்று கன்னத்தைத் தட்டினாள். பொட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். செய்தது முழுவதும் நல்லது என்பதால் சொல்லாமலே விட்டேன்.

ஒரு சூட்டுக்கு மூன்று என்று நான்கு சூட்டில் பன்னிரண்டும் முடிந்தன. ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை. முன்னைவிட நன்றாகவே குழிந்து, வெயிலில் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் நிற்பதுபோல் இருந்தன. அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அத்தை அந்த நான்கு நாளும் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே இருந்தாள். வைக்கோல் வைத்துக் கட்டி, அவளும் நானும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனோம்.

மண்டபத்தில் பாயின் ஆட்கள் பன்னிரண்டையும் மாட்டினார்கள். பாய் சுவிட்சைப் போட்டார். சுவர் முழுக்கத் தாமரை பூத்தது. எல்லோருக்கும் டீ வந்தது. நான் பாதி டம்ளர்கூடக் குடித்திருக்க மாட்டேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், யாரோ நாக்கைச் சொடுக்கினது போல. மூன்றாவது இதழில் குறுக்காக ஒரு கோடு. அடுத்து மேடைப் பக்கம் ஒன்று. அடுத்து வாசல் பக்கம் ஒன்று, பாதியாகப் பிளந்து தரையில் விழுந்தது. பாய் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். அணைத்த பிறகும் இரண்டு வெடித்தன. அத்தை ஒவ்வொரு சத்தத்துக்கும் தோளைக் குறுக்கிக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் நின்றாள்.

பாய் கத்தவில்லை. “பொண்ணு மாப்ள தலையில வுழுந்தா நான் இன்னா பதில் சொல்லட்டும் தங்கச்சி?” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மண்டபம் தொறக்க இன்னும் எட்டு நாள் கீது. ஒரு சூடு போட்டு மூணு எடுத்துகினு வா. நிக்குதான்னு பாத்துட்டு மீதிய சொல்றேன்” என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அத்தை காரணங்களைத் தேடிக்கொண்டே வந்தாள். கண்ணாடி ஒரே பெட்டிதான். தூள் அதே தூள். முன்பு ஒருதரம் விளையாட்டாகத் தட்டைக் கண்ணாடியின் மேல் கண்ணாடி வளையல் துண்டுகளை வைத்துச் சூடேற்றியிருந்தாள். அழகாக ஒட்டிக்கொண்டு, இரண்டாம் நாள் விண்டுவிட்டது. அந்தக் கண்ணாடி வேறு, இது வேறு என்றாள். இதில்தான் வேறெதுவும் சேரவில்லையே? பச்சைதான் முக்கியம் என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை கொட்டகையிலிருந்து கூப்பிட்டாள். மண்ணெண்ணெய் பட்டதாலோ என்னவோ, பச்சைப் பொட்டு பசை விட்டுக் கீழே விழுந்திருந்தது. அத்தை மீட்டரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“டேய், நீதான் நம்பர் படிப்பியே. இது மொதல்ல எதுல இருந்துச்சி?”

கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். கையில் குச்சி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். ஐநூற்று நாற்பது என்று சொன்னால், அப்புறம் ஐநூறுக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்பா காதில் விழும். படித்த பையன் என்ற பேச்சே வீட்டில் இருக்காது.

“ஐநூறு அத்தை” என்றேன்.

“நல்லா தெரியுமா?”

“தெரியும். இங்கதான்.”

பச்சை மறுபடி ஐநூறில் உட்கார்ந்தது. அத்தை தவறை வேறு இடங்களில் தேடினாள். தூளைச் சலித்துச் சலித்துப் பூசினாள். கண்ணாடி விளிம்பை இன்னும் வழவழப்பாகத் தேய்த்தாள். பச்சைப் பொட்டில் நிறுத்தும் நேரத்தை இரண்டு மடங்காக்கினாள். மூன்று இதழ்களும் அழகாக வந்தன. பாயிடம் கொண்டுபோகும் முன், எங்கள் வீட்டுக் கூடத்து பல்பின் மேலேயே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். முதல் இரண்டும் கையிலேயே வெடித்தன. மூன்றாவதை அவள் பிடித்துப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார், எள்ளுருண்டையோடு. அப்பா சொன்ன சொல் மாறவில்லை. அத்தை அதே துணிப்பையை எடுத்துக்கொண்டாள். அம்மா மட்டும் வாசல்வரை போய், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா, “நேரமாவுது” என்றார். நான் எள்ளுருண்டையைத் தின்றுகொண்டிருந்தேன். விஷயம் வெளியே வராமலே முடிந்துவிட்டதில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அத்தைக்கும் சொந்த வீடு கிடைத்துவிட்டதே என்றுகூட நினைத்தேன்.

பிறகு நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். கண்ணாடி ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் இருக்கும்போதே நிறுத்தி ஆறவிட வேண்டும், அதற்குக் கீழே போனபின் எத்தனை மணி நேரம் நிறுத்தினாலும் உள்ளிருக்கும் இறுக்கம் போகாது என்று நூலகப் புத்தகம் ஒன்றில் படித்தேன். ஐநூறில் இரண்டு மடங்கு நேரம் நிறுத்தினாளே, அது வீண். அத்தை ‘கோபம்’ என்று சொன்னதற்கு அங்கே வேறு பெயர் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். வேப்பம்பட்டுக்கு இப்போதும் போகிறேன். சோறு போடுவாள், படிப்பைப் பற்றிக் கேட்பாள். அந்தப் பேச்சை எடுக்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

அவள் என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்ட அந்தக் காலைதான் திரும்பத் திரும்ப வருகிறது. அவள் விசாரிக்கக் கூப்பிடவில்லை. வலது கை ஆள்காட்டி விரலின் நுனியில் ஒரு புதுப் பச்சைப் பொட்டை ஏந்தி, மீட்டருக்கு நேராக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த விரல் நின்ற இடம் ஐநூற்று நாற்பது. எண் தெரியாத கைக்கு இடம் தெரிந்திருந்தது. படித்தவன் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றுதான் என்னைக் கேட்டிருக்கிறாள். நான் அவள் விரலைப் பிடித்து இழுத்து, ஐநூறின் மேல் வைத்து அழுத்தினேன்.